அணு உலகில் ஒரு சிறு இடையூறு

“சிறு பிழைதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது?” என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. சில இடங்களில் இச்சொல் பொருந்தும். துணி தைக்கும்போது ஒரு தையல் சற்றே கோணிப்போனால் சட்டை கெட்டுவிடுவதில்லை. வேறு சில இடங்களில் பொருந்தாது. கணக்கில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் விடை முழுவதும் தவறாகிவிடும். ஆகவே, சிறு பிழைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சில, தோன்றிய இடத்திலேயே அடங்கிவிடுகின்றன. சில, வளர்ந்து பெருகுகின்றன.

எந்தப் பிழை வளரும், எந்தப் பிழை வளராது என்னும் கேள்வி 100 ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளின் சிந்தனையைக் கவர்ந்து வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் உலகில் இதற்கு ஒருவாறு விடை கண்ட பின்னர், அணுக்களின் உலகிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே கிடைத்த விடை எவரும் எதிர்பாராதது. அவ்விடையை இயன்ற அளவு எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கடினமான கணிதக் குறியீடுகள் எவையும் இதில் இல்லை. ஆதலால் எட்டாம் வகுப்பு மாணவியும், அவளுடைய பெற்றோரும் சேர்ந்தே இதைப் படிக்கலாம்.

கேரம் பலகையில் ஒரு சோதனை

மாணவியரே, கேரம் பலகை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதில் குழிகள் இல்லை. ஸ்ட்ரைக்கர் உராய்வினால் நிற்பதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கரை ஒருமுறை அடிக்கிறோம். அது நான்கு ஓரங்களிலும் மோதி மோதிச் சென்றுகொண்டே இருக்கிறது. இப்பொழுது அதே இடத்திலிருந்து, மிகச் சிறிதளவு கோணம் மாற்றி, மறுமுறை அடிக்கிறோம். இரண்டு பாதைகளும் மெல்ல மெல்ல விலகும். முதல் மோதலில் விலகல் 1 மில்லிமீட்டர் என்றால் பத்தாவது மோதலில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். பிழை வளர்கிறது, ஆனால் சீராக, அடக்கமாக வளர்கிறது.

அடுத்து, பலகையின் நடுவில் வட்டமான டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். இப்பொழுது ஸ்ட்ரைக்கர் அந்த வளைந்த பரப்பிலும் மோதித் திரும்புகிறது. வளைந்த பரப்பில் சற்றே வேறு இடத்தில் பட்டாலும் திரும்பும் திசை பெரிதும் மாறிவிடும். ஒவ்வொரு மோதலிலும் பிழை இரட்டிப்பதாகக் கொள்வோம். 1 மில்லிமீட்டர் 2 ஆகும். 2, 4 ஆகும். 4, 8 ஆகும். பத்தாவது முறை இரட்டித்தபின் அது 1,024 மில்லிமீட்டர், அதாவது 1 மீட்டருக்கும் மேல் ஆகிவிடும். நம் கேரம் பலகையே அவ்வளவு பெரிதன்று! எனவே பத்து மோதல்களுக்குப் பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே இருக்கும் என்று நம்மால் சொல்லவே முடியாது. ரஷ்யக் கணித மேதை யாக்கோவ் சினாய் 1970-ஆம் ஆண்டில் இத்தகைய பலகையின் இயல்பைக் கணித முறைப்படி நிறுவினார்.

முதல் வகை இயக்கத்தை ஒழுங்கியக்கம் என்றும், இரண்டாவது வகையைக் குழப்ப இயக்கம் அல்லது ‘கேயாஸ்’ என்றும் கூறுவர். குழப்ப இயக்கத்திலும் விதிகள் உண்டு என்பதை மறத்தலாகாது. ஸ்ட்ரைக்கர் தன் விருப்பம்போல் ஓடுவதில்லை. இயக்க விதிகளுக்கு முற்றும் கட்டுப்பட்டே ஓடுகிறது. தொடக்கத்தில் நேர்ந்த சிறு பிழையை அவ்விதிகளே பெருக்கிக் காட்டுகின்றன.

வானிலையும் இத்தகையதே என்பதை 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்ட் லாரன்ஸ் கண்டறிந்தார். கணினியில் 0.506127 என்று இருந்த எண்ணை அவர் 0.506 என்று சுருக்கி இட்டுவிட்டு, காப்பி அருந்தச் சென்றார். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, கணினி இரண்டு மாத வானிலையைக் கணக்கிட்டு முடித்திருந்தது. முந்தைய கணக்குக்கும் இதற்கும் சிறிதும் ஒற்றுமை இல்லை! 4,000-இல் ஒரு பங்கு வேறுபாடு செய்த வேலை அது. லாரன்ஸின் கணினிக்கு முதலில் நிரல் எழுதியவர் மார்கரெட் ஹாமில்டன் என்னும் இளம் பெண். பின்னாளில் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பல்லோ கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவருக்குப்பின் அப்பணியை ஏற்றவர் எலன் ஃபெட்டர். 1963-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையின் இறுதியில் லாரன்ஸ் அப்பெண்மணிக்கு நன்றி கூறியிருக்கிறார்.

லோஷ்மிட் கேட்ட கேள்வி

இனி, ஏறத்தாழ 150 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் யோசப் லோஷ்மிட், லுட்விக் போல்ட்ஸ்மன் என்னும் இரு விஞ்ஞானிகள் வாழ்ந்தனர். வாசனைத் திரவியப் புட்டியைத் திறந்தால் மணம் அறை முழுவதும் பரவுகிறது. பரவிய மணம் தானாகவே மீண்டும் புட்டிக்குள் சென்று அடைவதை எவரும் கண்டதில்லை. ஏன்? மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கொண்டு இதை விளக்க 1872-இல் போல்ட்ஸ்மன் முயன்றார்.

1876-இல் லோஷ்மிட் ஒரு தடையை எழுப்பினார். “எல்லா மூலக்கூறுகளின் திசையையும் ஒரே கணத்தில் எதிர்த்திசையாகத் திருப்பிவிட்டால், அவை வந்த வழியே திரும்பிச் சென்று புட்டிக்குள் புகுந்துகொள்ள வேண்டுமே! இயக்க விதிகள் அதைத் தடை செய்யவில்லையே!” என்பது அவருடைய வாதத்தின் சாரம். வாதத்தில் குற்றம் இல்லை. ஆனால் 1 கன சென்டிமீட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 27-க்குப் பின் 18 பூஜ்யங்கள் இட்ட எண்ணாகும். அவை அனைத்தையும் சிறிதும் பிழையின்றித் திருப்புவது யாரால் இயலும்? மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதும், ஸ்ட்ரைக்கர் டம்ளரின் மீது மோதுவதைப் போன்றதே. ஒரே ஒரு மூலக்கூறைத் திருப்புவதில் மயிரிழை பிழை நேர்ந்தாலும் அது இரட்டித்து இரட்டித்து மற்றவற்றுக்கும் பரவும். மணம் புட்டியை நோக்கிச் சிறிது தூரம் வந்துவிட்டு, வழி தவறி மறுபடியும் சிதறிப்போகும்.

கண்ணுக்குத் தெரியும் உலகின் கதை இது. பிழை பெருகுவதால், கலைந்ததை மீண்டும் சேர்க்க முடிவதில்லை. அணுக்களின் உலகில் எப்படி?

குவாண்டம் உலகின் அணிவகுப்பு

எலெக்ட்ரான், அணுக்கரு போன்ற மிக நுண்ணிய பொருள்கள் வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. அவ்விதிகளின் தொகுதியே குவாண்டம் இயற்பியல். எலெக்ட்ரான் இன்ன இடத்தில் இருக்கிறது, இன்ன வேகத்தில் செல்கிறது என்று இரண்டையும் ஒருங்கே துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதை 1927-இல் ஹைசன்பர்க் நிலைநாட்டினார். ஆதலால் அங்கே ஸ்ட்ரைக்கரின் பாதை போன்ற கோடு எதையும் வரைய இயலாது. அதற்குப் பதிலாக, அப்பொருளைப் பற்றி அறியக்கூடிய அனைத்தையும் ‘நிலை’ என்னும் ஒன்றில் அடக்குகிறார்கள். இந்நிலையை, பல திசைகள் உள்ள ஒரு வெளியில் நிற்கும் அம்புக்குறி என்று எண்ணிக்கொள்ளலாம். காலம் செல்லச் செல்ல அம்பு திரும்பிக்கொண்டே இருக்கும். எப்படித் திரும்ப வேண்டும் என்று கட்டளையிடுவது 1926-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் கண்ட சமன்பாடு.

இரண்டு நிலைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை இரு அம்புகளுக்கு இடையிலுள்ள கோணத்தைக் கொண்டு அளக்கலாம். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஒப்புமை 1. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் ஒப்புமை 0, அதாவது எவ்வித ஒற்றுமையும் இல்லை.

இங்கேதான் வியப்பு நிகழ்கிறது. நம் உடற்பயிற்சி வகுப்பை நினைத்துப் பாருங்கள். வரிசையில் ஒரு மாணவி நேராக நிற்கிறாள்; அடுத்தவள் சற்றே சாய்ந்து, 5 டிகிரி விலகி நிற்கிறாள். ஆசிரியை “வலப்புறம் திரும்பு” என்கிறார். இருவரும் 90 டிகிரி திரும்புகிறார்கள். இப்பொழுதும் அவர்களிடையே உள்ள கோணம் 5 டிகிரியே. “இடப்புறம் திரும்பு”, “பின்புறம் திரும்பு” என்று நூறு கட்டளைகள் இட்டாலும் அந்தக் கோணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாடும் இவ்வாறே எல்லா அம்புகளையும் ஒருசேரத் திருப்புகிறது. தொடக்கத்தில் இரண்டு நிலைகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு இருந்ததோ, எத்தனை காலம் சென்றாலும் அவ்வளவே இருக்கும்.

அப்படியானால் குவாண்டம் உலகில் தொடக்கப் பிழை வளர்வதே இல்லை! 1986-இல் இத்தாலியின் ஜூலியோ கசாட்டி, இதாலோ குவார்னெரி, ரஷ்யாவின் போரிஸ் சிரிகோவ், ஷெபெல்யான்ஸ்கி ஆகிய நால்வர் இதனைக் கணினியில் சோதித்தார்கள். ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரான் குழப்பமாக ஓடுவதைப் பழைய இயக்க விதிகளின்படி கணக்கிட்டு, நடுவில் காலத்தைத் திருப்பினார்கள். கணினி தசமங்களைச் சுருக்குவதால் உண்டாகும் மிக நுண்ணிய பிழைகளாலேயே எலெக்ட்ரான் வழி தவறிவிட்டது. அதே கணக்கைக் குவாண்டம் விதிகளின்படி செய்து திருப்பியபோது, நிலை புறப்பட்ட இடத்துக்கே ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். டம்ளரும் கேரம் பலகையும் அணுக்களால் ஆனவைதாமே! அணு உலகில் குழப்பமே இல்லையென்றால், நாம் காணும் உலகில் மட்டும் அது எங்கிருந்து வந்தது?

பெரஸ் மாற்றிக் கேட்ட கேள்வி

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி காட்டியவர் ஆஷர் பெரஸ். 1934-இல் பிரான்ஸ் நாட்டில் பிறந்த இவர், இஸ்ரேலில் ஹைஃபா நகரின் டெக்னியான் கல்வி நிலையத்தில் பேராசிரியராக விளங்கி, 2005-இல் மறைந்தார். 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் கேள்வியையே மாற்றி அமைத்தார். “இரண்டு மாணவியருக்கு ஒரே கட்டளை இட்டால் என்ன ஆகும் என்று கேட்டது போதும். ஒரே திசையில் நிற்கும் இருவருக்குச் சற்றே வேறுபட்ட கட்டளைகளை இட்டால் என்ன ஆகும்?” என்பது அவர் கேட்டதன் கருத்து.

ஒருத்திக்கு ஒவ்வொரு முறையும் 90 டிகிரி திரும்பக் கட்டளை. மற்றவளுக்கு 91 டிகிரி. முதல் திருப்பத்தில் வேறுபாடு 1 டிகிரி. பத்தாவது திருப்பத்தில் 10 டிகிரி. தொண்ணூறாவது திருப்பத்தில் ஒருத்திக்கு மற்றவள் செங்குத்தாக நிற்பாள். ஒப்புமை 0 ஆகிவிடும். தொடக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை, கட்டளையில்தான் பிழை. உண்மை உலகில் இத்தகைய பிழை எப்போதும் உண்டு. காந்தப்புலம் சற்றே கூடியிருக்கலாம். பக்கத்து அணு ஒன்று சிறிது இழுக்கலாம். இவற்றையே ‘இடையூறு’ என்கிறோம்.

பெரஸ் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது ஒரு தெளிவான வேறுபாடு தென்பட்டது. ஒழுங்கியக்கத்துக்கு உரிய அமைப்புகளில், இடையூறு ஏற்பட்ட பின்னரும் ஒப்புமை ஓரளவு நிலைத்திருந்தது. ஏறியும் இறங்கியும் ஊசலாடியது. குழப்ப இயக்கத்துக்கு உரிய அமைப்புகளில் அது மிகச் சிறிய அளவுக்குக் குறைந்து, அங்கேயே தங்கிவிட்டது. அணு உலகில் குழப்பத்தின் சுவடு இதுவே என்று அவர் காட்டினார்.

ஒரு விதிப்படி முன்னே சென்று, சற்றே மாறிய விதிப்படி பின்னே திரும்பினால், புறப்பட்ட இடத்துக்கு எவ்வளவு நெருங்கி வருவோம் என்று கேட்பதும் இதே அளவையே தருகிறது. ஆகவே இந்த அளவுக்கு ‘லோஷ்மிட் எதிரொலி’ என்று பெயரிட்டனர். 1876-இல் வியன்னாவில் எழுந்த கேள்வி, 100 ஆண்டுகளுக்குப் பின் அணு உலகில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

ஆய்வுக்கூடத்தில் கேட்ட எதிரொலி

காலத்தைத் திருப்புவது கணினியில் எளிது; உண்மைப் பொருளில் நடக்குமா? நடக்கும். 1950-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எர்வின் ஹான் இதன் முதற்படியைச் செய்து காட்டினார்.

ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு சிறு காந்தம். பெரிய காந்தப்புலத்தில் வைத்தால் அது பம்பரம் தலைசாய்ந்து சுற்றுவதுபோல் சுற்றும். ரேடியோ அலையின் ஒரு துடிப்பால் எல்லாக் கருக்களையும் ஒரே சீராகச் சுற்றச் செய்யலாம். ஆனால் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இராது. ஆகவே சில கருக்கள் விரைவாகவும், சில மெதுவாகவும் சுற்றி, அணி கலைந்துவிடும். அவை தந்த சைகையும் மங்கிவிடும். அப்பொழுது ஹான் இன்னொரு துடிப்பைச் செலுத்தினார். சிறிது நேரத்தில், மறைந்த சைகை மீண்டும் எழுந்தது!

இதை விளக்க ஓர் ஓட்டப் பந்தயத்தை உவமை கூறுவார்கள். 1953 நவம்பர் மாத ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழின் அட்டையில் அது படமாகவே வந்தது. நம் விளையாட்டு விழாவில் மாணவியர் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். வேகமானவள் முன்னே, மெதுவானவள் பின்னே என்று பிரிந்துவிடுகிறார்கள். நடுவில் விசில் ஊதியதும் எல்லோரும் திரும்பி அதே வேகத்தில் ஓடுகிறார்கள். வேகமானவள் அதிக தூரம் திரும்ப வேண்டும். மெதுவானவள் குறைந்த தூரம். ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டை வந்தடைகிறார்கள். அதுவே எதிரொலி. இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது இம்முறை நாள்தோறும் பயன்படுகிறது. அவ்வியந்திரத்தினுள் படுத்திருந்த பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால், தம் உடலிலுள்ள ஹைட்ரஜன் கருக்களும் இவ்வாறு திரும்பி ஓடியிருக்கக்கூடும் என்று அறிந்து மகிழலாம்.

ஆனால் ஓடும்போது மாணவியர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டால்? ஹானின் விசில் அந்த இடிகளைத் திருப்பாது. 1970-இல் எம்.ஐ.டி.யில் ரிம், பைன்ஸ், வா ஆகிய மூவர், அணுக்கருக்கள் ஒன்றையொன்று தாக்கும் விளைவையும் திருப்பும் வழியைக் கண்டனர். 1992-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஷாங், மையர், எர்ன்ஸ்ட் ஆகியோர் இன்னும் நுட்பமான சோதனை ஒன்றைச் செய்தனர். ஃபெர்ரோசீன் என்னும் படிகத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் கருவுக்கு மட்டும் அடையாளமிட்டு, அந்த அடையாளம் பக்கத்துக் கருக்களுக்குப் பரவும்படி விட்டு, பின்பு திருப்பி, முதற்கருவுக்கே அதைத் திரும்ப வரவழைத்தார்கள். பரவிய மணத்தைப் புட்டிக்குள் அழைத்தது போன்ற செயல் அது.

அதன்பின் அர்ஜென்டினா நாட்டின் கோர்டோபா நகரில் ஹொராசியோ பஸ்தாவ்ஸ்கி, பத்ரீசியா லெவ்ஸ்டெயின் அம்மையார் முதலியோர் இச்சோதனையைத் தொடர்ந்தனர். அடையாளத்தை அதிக நேரம் பரவவிட்டுத் திருப்பினால் எதிரொலி மங்கியது. அதற்குக் காரணமான இடையூறுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். இடையூறு குறைந்த அளவுக்கு மங்கும் வேகம் குறையவில்லை! ஓர் எல்லைக்கு மேல், மங்கும் வேகத்தை அந்தப் படிகத்தின் சொந்த இயல்பே தீர்மானித்தது.

மூன்று படிகள்

இதன் காரணத்தைத் தேடிய பஸ்தாவ்ஸ்கியும், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பணியாற்றிய ரொதோல்ஃபோ ஜலபேரும் 2001-இல் ஒரு முக்கியமான கோட்பாட்டை வெளியிட்டனர். அதையும், அதைத் தொடர்ந்து மற்றவர்கள் கண்டவற்றையும் மூன்று படிகளாகச் சுருக்கிக் கூறலாம்.

முதற்படி: இடையூறு மிக மிகச் சிறியதாயின், ஒப்புமை நெடுநேரம்வரை மெதுவாகவே குறையும்.

இரண்டாம் படி: இடையூறு சற்றுப் பெரிதாயின், ஒப்புமை விரைந்து குறையும். அதன் வேகம் இடையூறின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடையூறு 2 மடங்கானால் வேகம் 4 மடங்காகும். 3 மடங்கானால் 9 மடங்காகும்.

மூன்றாம் படி: இடையூறு மேலும் பெரிதாயின், வேகம் ஓர் எல்லையில் நின்றுவிடும். அதன்பின் இடையூறின் அளவு ஒரு பொருட்டன்று. அந்த எல்லை யாது தெரியுமா? கேரம் பலகையில் டம்ளரின் மீது மோதிப் பிழை எந்த வேகத்தில் பெருகியதோ, அதே வேகம்! இவ்வேகத்தை, ரஷ்யக் கணித அறிஞரின் பெயரால், லியாப்புனோவ் எண் கொண்டு அளக்கிறார்கள். அணிவகுப்பின் ஒழுங்கில் மறைந்திருந்த குழப்பம் இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. நாம் முன்பு கேட்ட ஐயத்துக்கும் இதிலே ஒரு விடை உண்டு. உண்மை உலகில் இடையூறு இல்லாத அமைப்பே இல்லை; அந்த இடையூற்றின் வழியாகவே இரண்டு உலகங்களின் குழப்பமும் சந்திக்கின்றன.

குழப்பமே கவசம்

இவ்வளவையும் படித்தபின், “ஒழுங்கான அமைப்பு உறுதியானது, குழப்பமான அமைப்பு எளிதில் கெடுவது” என்று முடிவு கட்டத் தோன்றும். ஸ்லோவேனியா நாட்டின் லியுப்லியானா நகரைச் சேர்ந்த தொமாஷ் ப்ரோசன், மார்க்கோ ஷ்னிடாரிச் ஆகிய இருவர் 2001, 2002-ஆம் ஆண்டுகளில், இது எப்போதும் உண்மையன்று என்று காட்டினார்கள். இடையூறு மிகச் சிறியதாயின், ஒழுங்கான அமைப்பே விரைவில் கெடக்கூடும். குழப்பமான அமைப்பு நெடுநேரம் தாங்கக்கூடும்!

இதை நம்புவது கடினமாகத் தோன்றலாம். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு சிறுமியை யாரோ 100 முறை தள்ளுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஓர் அடி நகர்கிறாள். எல்லாத் தள்ளலும் ஒரே திசையில் இருந்தால் அவள் 100 அடி விலகிவிடுவாள். ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் வலப்புறமும், பூ விழுந்தால் இடப்புறமும் தள்ளினால்? பெரும்பாலான தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். இறுதியில் அவள் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 10 அடி தொலைவில் இருப்பாள். 100-இன் வர்க்கமூலம் 10 அன்றோ!

ஒழுங்கியக்கத்தில் அமைப்பு ஒரே பாதையை மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. ஆகவே இடையூறும் ஒவ்வொரு சுற்றிலும் அதே திசையில் தள்ளுகிறது. 90 டிகிரிக்கும் 91 டிகிரிக்கும் இடையே கண்ட பிழைபோல அது கூடிக்கொண்டே போகும். குழப்ப இயக்கத்தில் அமைப்பு எங்கெங்கோ அலைவதால், இடையூறு ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் தள்ளுகிறது. தள்ளல்கள் பெரும்பாலும் தாமே அழிந்துவிடுகின்றன. குழப்பம் இங்கே ஒரு கவசமாகப் பயன்படுகிறது. பெரஸ் கண்டதும் பொய்யன்று. தொடக்க நிலை எது, இடையூறு எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது.

இதனால் என்ன பயன்?

குவாண்டம் விதிகளைக் கொண்டே கணக்கிடும் கணினிகளை இன்று உருவாக்கி வருகிறார்கள். சாதாரணக் கணினியில் ‘பிட்’ இருப்பதுபோல் இதில் ‘க்யூபிட்’ உண்டு. இதில் எந்தக் கட்டளையும் முழுத் துல்லியமாக நிறைவேறுவதில்லை. 90 டிகிரி என்றால் இம்மியளவு கூடவோ குறையவோதான் திரும்பும். நாம் இதுவரை பேசிய இடையூறு இதுவே.

2019-இல் கூகுள் நிறுவனம் 53 க்யூபிட்டுகள் கொண்ட கணினியில், வேண்டுமென்றே குழப்பமாக அமைத்த கட்டளைத் தொடரை ஓட்டியது. இரண்டு க்யூபிட்டுகளை இணைக்கும் ஒவ்வொரு கட்டளையிலும் நேர்ந்த பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு. எனினும் 1,500-க்கும் மேற்பட்ட கட்டளைகள் முடிந்தபின் எஞ்சிய ஒப்புமை சுமார் 0.2 சதவீதமே, அதாவது 500-இல் 1 பங்கு. ஒவ்வொரு பிழையும் சிறிது; எண்ணிக்கையோ பெரிது!

இதற்கு மாற்று உண்டு. பல க்யூபிட்டுகள் சேர்ந்து ஒரே செய்தியைக் காத்து, ஒன்று தவறினால் மற்றவை கண்டுபிடித்துத் திருத்தும் முறையை 1995-இல் பீட்டர் ஷோர் வகுத்தார். 2024-இல் வெளியான ஆய்வில் கூகுள் குழுவினர், காவல் புரியும் க்யூபிட்டுகளின் சதுரத்தை 3-க்கு 3, 5-க்கு 5, 7-க்கு 7 என்று பெரிதாக்கினர். ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இடையூறுகள் எந்தத் திசையில் தள்ளுகின்றன, எவ்வளவு வேகமாகக் கூடுகின்றன என்னும் அறிவு இத்தகைய முயற்சிகளுக்கு இன்றியமையாதது.

மாணவியரே, இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழையின் அளவைக் கண்டு அதன் விளைவைக் கூறிவிட முடியாது. அது தொடக்கத்தில் புகுந்ததா, கட்டளையில் புகுந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரே திசையில் திரும்பத் திரும்பத் தள்ளுகிறதா, அங்குமிங்கும் தள்ளித் தானே அழிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அணு உலகில், தொடக்கத்தில் நேர்ந்த பிழை வளராமல் நின்றுவிடுகிறது; ஒரே திசையில் ஓயாமல் தொடரும் மிகச் சிறிய பிழையோ, நிலையை முற்றிலும் மாற்றிவிடுகிறது.

இத்துறையில் செய்ய வேண்டிய பணிகள் ஏராளம். இதற்குக் கணிதத்தில் தேர்ச்சியும், இயற்பியலில் ஆர்வமும் வேண்டும். பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் கோணங்களும் வர்க்கமூலங்களும் இந்த ஆய்வுகளின் முதற்படிகளே. எலன் ஃபெட்டரும், மார்கரெட் ஹாமில்டனும், பத்ரீசியா லெவ்ஸ்டெயினும் நடந்த பாதை உங்களுக்காகவும் திறந்திருக்கிறது. இன்று மாலை வீட்டில் ஒரு காசை எடுத்து 100 முறை சுண்டி, தலைக்கு ஓர் அடி முன்னும் பூவுக்கு ஓர் அடி பின்னும் வைத்துப் பாருங்கள். எத்தனை அடி விலகினீர்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் உங்கள் தோழியரின் எண்களோடு ஒப்பிடுங்கள். வகுப்பு முழுவதும் செய்து பார்த்தால், ஒரு சிலரைத் தவிர எவரும் 20 அடியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ப்ரோசன் கண்ட கவசத்தை நீங்களே அளந்து பார்த்தவர்கள் ஆவீர்கள்.